ரோன் கரைச் சிவப்பு: கேள்வி – பதில்

போன இதழில் தெற்குப் பிரான்சின் சிவப்பு ஒயினைப் பற்றி நாலு வரி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பிறந்தது புதுச்சேரி, அவிஞ்ஞோன் நகரில் பதினோரு வருடம் சமையற்கூடத்தில் நின்றேன். அடுப்புக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

'கோத் து ரோன்' என்பது திராட்சையின் பெயரா, ஊரின் பெயரா? (வாசகர், சென்னை)

ஆற்றின் பெயர். ரோன் ஆறு சுவிட்சர்லாந்தின் பனிமலையில் பிறந்து, ஜெனீவா ஏரிக்குள் புகுந்து வெளியேறி, லியோன் நகரைத் தொட்டுவிட்டு நேர் தெற்கே இறங்கி மத்தியதரைக் கடலில் விழுகிறது. வியன் ஊரிலிருந்து அவிஞ்ஞோன் வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு இந்த ஒயினின் ராஜ்யம். 'ரோன் கரைச் சரிவுகள்' என்று பொருள். வடக்குப் பாதி செங்குத்தான மலை. அங்கே சிவப்புக்கு 'சிரா' என்ற ஒரே கருப்புத் திராட்சைதான். தெற்குப் பாதி அகன்ற வெயில் பூமி. அங்கே பெரும்பாலும் கலவை. நான் எழுதுவது தெற்கைப் பற்றி.

பெயருக்கு வயது அதிகம். 1737-லேயே ரோக்மோர் துறையிலிருந்து படகேறும் பீப்பாய்களின் மேல் இந்தப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் காய்ச்சிய இரும்பால் பொறிக்க வேண்டும் என்று அரச ஆணை வந்துவிட்டது. வேறு ஊர்ச் சரக்கை இந்தப் பெயரில் விற்காமலிருக்கத்தான். இன்றைய சட்டப் பாதுகாப்பு 1937-ல் கிடைத்தது.

ஒரே திராட்சையில் நல்ல ஒயின் வராதா? நாலைந்தைக் கலப்பது கலப்படம் மாதிரி இல்லையா? (வாசகர், மதுரை)

கலப்படம் என்பது விலை குறைந்ததைச் சேர்த்து மறைப்பது. இது ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புவது. பாட்டிலிலேயே எழுதி விற்கிறார்கள்.

தெற்கில் தலைமை கிரெனாஷுக்கு. ஸ்பெயினின் அரகோன் பக்கத்திலிருந்து வந்த கொடி. தோல் மெல்லிசு, நிறம் குறைவு, சர்க்கரை நிறைய; சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது என்பதால் ஒயினும் சூடான சுபாவம். கனிந்த ஸ்ட்ராபெரி வாசம் கமகமக்கும். ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறும்; துவர்ப்பும் போதாது. சிரா வந்து கறுத்த நிறத்தையும் மிளகு வாசத்தையும் கொடுக்கிறது. மூன்றாவது முர்வேத்ர. தடித்த தோல், நிறையத் துவர்ப்பு, கடைசியாகப் பழுக்கும் சுபாவம். அதற்குத் தலை வெயிலிலும் கால் தண்ணீரிலும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. கூடவே சென்சோ கொஞ்சம். சாறு மிகுந்தது, இலகுவானது, பூ வாசம் தருவது.

இதில் ருசிக்கு முன்னால் பிழைப்பு இருக்கிறது. கிரெனாஷ் பூக்கும் நாளில் குளிரும் மழையும் அடித்தால் பூ உதிர்ந்து குலை பாதி வெறுமையாகிவிடும். அந்த வருடம் மற்றவை கைகொடுக்கும். கோடை கொளுத்தி சிரா வாடினால் முர்வேத்ர தாங்கும். ஒரே பயிரை நம்பினால் ஒரு பருவம் பொய்த்தாலும் அடுப்பு அணையும் என்று நம் மானாவாரிக்காரர்கள் நிலத்தில் நாலு தானியம் விதைக்கவில்லையா, அந்தக் கணக்குத்தான் இது.

கலப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜனவரி மாதம், எங்கள் சமையற்கூடத்துக்கு ஒயின் தரும் பெரியவரின் நிலவறை. ஒவ்வொரு ரகமும் தனித்தனியே நொதித்துத் தொட்டியில் காத்திருந்தது. மேஜையில் நாலு குடுவை, ஒரு கண்ணாடி அளவுக்குழாய். 70 மில்லி கிரெனாஷ், 20 சிரா, 10 முர்வேத்ர என்று ஊற்றி என்னிடம் நீட்டினார். முன்வாயில் பழம் இனித்தது. விழுங்கிய பிறகு ஒன்றுமில்லை, கதவைத் திறந்தால் வீடு காலி என்பதுபோல. சிராவில் 5 குறைத்து முர்வேத்ரவில் 5 கூட்டினார். ஒரு தேக்கரண்டி அளவு மாற்றம், அவ்வளவே. இப்போது விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரத்தில் ருசி பிடித்துக்கொண்டு நின்றது. அவர் வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரசம் நுரைத்து வரும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு என் அத்தை அசையாமல் நிற்பார், அதே முகம். அன்று மாலைக்குள் இருபத்தாறு கலவை செய்து பார்த்தார். எதையும் முடிவு செய்யாமல் விளக்கை அணைத்தார். நாளைக்கு வேறு வாயோடு வர வேண்டுமாம்.

பதின்மூன்று திராட்சை போடும் ஒயின் ஒன்று உண்டாமே? (வாசகி, கோவை)

ஷாத்தோநெஃப் து பாப். போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பதின்மூன்றில் வெள்ளைத் திராட்சைகளும் அடக்கம். எந்த ரகம் எத்தனை விழுக்காடு என்ற கணக்கும் அங்கே கிடையாது. ஷாத்தோ து போகாஸ்தேல் பண்ணை பதின்மூன்றையும் வளர்க்கிறது. ஷாத்தோ ராயாஸ் கிரெனாஷ் ஒன்றை மட்டும் நம்பி, உலகம் தேடி அலையும் சிவப்பைச் செய்கிறது. இரண்டும் ஒரே ஊர், ஒரே பெயர். எது சரி என்றால் இரண்டும் சரி.

பெயருக்குப் 'போப்பின் புதுக்கோட்டை' என்று பொருள். 1309 முதல் 1377 வரை போப்புகள் ரோமை விட்டு அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் இந்தக் குன்றின் மேல் கோட்டை கட்டினார். ஊரின் பெயரில் போப் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 1893-ல்தான்.

ஷாத்தோநெஃபில் பறக்கும் தட்டுக்குத் தடை என்று பேரன் சொல்கிறான். நம்பலாமா? (வாசகர், திருச்சி)

பேரன் சொன்னது உண்மை. 1954-ல் மேயர் லூசியன் ஜ்யோன் போட்ட ஆணை: ஊர் எல்லைக்குள் பறக்கும் தட்டு பறக்கவோ இறங்கவோ ஏறவோ கூடாது, இறங்கினால் உடனே பறிமுதல். பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டுப் பேச்சாக இருந்த வருடம் அது. கொடிக்கு எதனாலும் சேதம் வரக் கூடாது என்ற அக்கறைதான் எனக்கு அதில் தெரிகிறது.

ஒயினுக்கு ஊர்ப் பெயர் வைக்கும் சட்டத்தைத் தொடங்கியவர் யார்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பிரபு பியேர் லெ ருவா. முதல் உலகப் போரில் விமானமோட்டி, படிப்பால் வழக்கறிஞர், ஷாத்தோநெஃபின் ஃபோர்த்தியா பண்ணைக்கு மருமகனாக வந்தவர். அந்த நாளில் அந்த ஊர் ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கி, வடக்கே பர்கண்டியின் மெலிந்த ஒயினுக்கு வலுவூட்டப் பயன்படுத்தினார்கள். வியர்வை இவர்களுடையது, பெயர் அவர்களுடையது. ஊர் விவசாயிகள் 1923-ல் லெ ருவாவிடம் வந்து வழி கேட்டார்கள். அவர் வகுத்த விதிகளில் எனக்குப் பிடித்தது இது: தைமும் லாவண்டரும் முளைக்கும் நிலத்தில் மட்டும் இந்தப் பெயருக்குக் கொடி நடலாம். அந்தச் செடிகள் வளமற்ற வறண்ட மண்ணில்தான் பிழைக்கும். அப்படிப்பட்ட மண்ணில்தான் திராட்சை குறைவாகக் காய்த்துச் செறிவாகப் பழுக்கும். மண் பரிசோதனைக் கூடம் இல்லாமலே மண்ணை அளந்துவிட்டார். அறுவடை கையால்தான் என்ற விதியும் உண்டு. இதே யோசனை வளர்ந்து 1935-ல் நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

திராட்சைத் தோட்டத்தில் கூழாங்கல்லாகக் கிடக்கும் படம் பார்த்தேன். மண்ணே இல்லாமல் எப்படி விளைகிறது? (வாசகி, சிங்கப்பூர்)

மண் அடியில் இருக்கிறது. மேலே கிடப்பது ஒரு காலத்தில் ரோன் ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்ட கல். சில தேங்காய் அளவுக்கு இருக்கும். செப்டம்பர் மாலை ஒன்றில் வெயில் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து ஒன்றைக் கையில் எடுத்தேன். காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. கல் மட்டும் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கதகதவென்றிருந்தது. பகலில் குடித்த வெயிலை இரவில் குலைக்குத் திருப்பித் தருகிறது. மண்ணின் ஈரம் ஆவியாகாமல் மூடியும் வைக்கிறது. வெப்பம் ஏறிவரும் இந்த வருடங்களில் இந்தச் சூடே பாரமாகவும் ஆகலாம். கிரெனாஷ் ஒயின் 15 விழுக்காடு ஆல்கஹாலைத் தொடுவது இப்போது சாதாரணம். எல்லாத் தோட்டமும் இப்படிக் கல் போர்த்தியது அல்ல. மணலில் விளைவதும் உண்டு, அது கொஞ்சம் மென்மையாக வரும்.

கொடிகள் குட்டையாக, பந்தல் இல்லாமல் புதர் மாதிரி நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் மிஸ்த்ரால். வடக்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். சைக்கிளில் வேலைக்குப் போன நாட்களில் பாலத்தின் மேல் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஆனால் மழைக்குப் பின் அதுதான் குலையைத் துடைத்து உலர்த்திப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது.

ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்களே, ஏன்? (வாசகர், பாரிஸ்)

துவர்ப்பால். நாவற்பழம் தின்றால் வாய் உலர்ந்து இழுத்துப் பிடிக்கிறது. எச்சிலில் உள்ள புரதத்தைத் துவர்ப்புப் பொருள் கவ்விக்கொள்வதால் அப்படி. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருப்பது அதே இனம். வாயில் இறைச்சி இருக்கும்போது துவர்ப்பு இறைச்சியின் புரதத்தையும் கொழுப்பையும் போய்ப் பிடிக்கிறது; வாய் தப்பிக்கிறது. ஒயின் மெத்தென்று ஆகிவிடும், கொழுப்பு வழித்துக்கொண்டு போகும், அடுத்த வாய் முதல் வாய்போல் இருக்கும். உப்பும் இதற்கு உதவுகிறது.

தெற்கு ரோனுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் தைம், ரோஸ்மேரி, காட்டு லாவண்டர் எல்லாம் கலந்து மண்டிக் கிடக்கும் புதர்க்காட்டை 'கரீக்' என்பார்கள். ஆடு மேய்வது அங்கே. அடுப்பில் போடும் தழையும் அங்கிருந்துதான். ஒயினை முகர்ந்தாலும் உலர்ந்த தழை வாசம் அடிக்கிறது. ஆட்டுத் தொடையில் பூண்டைச் சொருகி, தைம் தூவி, ஏழு மணி நேரம் சிறு தீயில் வேகவைப்பார்கள்; கத்தி வேண்டாம், கரண்டியால் எடுக்கலாம். அதற்குப் பக்கத்தில் ஜிகோந்தாஸ் கிராமத்துச் சிவப்பு ஒயின். அந்த நாட்டில் எனக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

மாட்டிறைச்சி 'தோப்' என்று எழுதியிருந்தீர்கள். அதன் ரகசியம் என்ன? (வாசகி, லியோன்)

பொறுமை. முந்தின இரவே இறைச்சியைப் பெரிய துண்டாக நறுக்கி, வெங்காயம், கேரட், பூண்டு, பிரியாணி இலை, கிராம்பு, ஒரு கீற்று ஆரஞ்சுத் தோல் சேர்த்துச் சிவப்பு ஒயினில் ஊறவிடுவார்கள். மறுநாள் 'தோபியேர்' என்ற மண்பானையில் வேகும். பானையின் மூடி குழிந்திருக்கும். அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். உள்ளே எழும் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாக இறைச்சிமேலேயே விழும். நாலு மணி நேரமானாலும் குழம்பு வற்றாது, அடிப்பிடிக்காது. நம் ஊர் மீன்குழம்பு போலவே தோப்பும் மறுநாள்தான் முழு ருசிக்கு வரும். இறக்கும் முன் கருப்பு ஆலிவ் ஒரு கைப்பிடி.

ஊறப்போட விலையுயர்ந்த பாட்டில் வேண்டாம். நேரடியான கோத் து ரோன் போதும். மேஜைக்கு அதைவிட ஒரு படி மேலே எடுங்கள்.

சோறு இல்லாமல் சாப்பாடா என்று கேட்பவர்களுக்கு: ரோன் ஆறு கடலில் சேரும் கமார்க் சதுப்பில் நெல் விளைகிறது, கருங்காளைகள் மேய்கின்றன. அந்தக் காளை இறைச்சியை இதேபோல ஒயினில் வேகவைத்து அந்த ஊர்ச் சோற்றின்மேல் ஊற்றித் தருவார்கள். 'கார்தியான்' என்று பெயர். முதல் முறை சாப்பிட்டபோது ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். பரிமாறிய அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டு மட்டன் குழம்பு காரமாக இருக்கும். அதற்கு எது? (வாசகர், லா ஷாப்பெல், பாரிஸ்)

ஷாத்தோநெஃப் வேண்டாம். மிளகாயின் காரமும் ஆல்கஹாலும் நாக்கில் வெப்பம் உணரும் ஒரே நரம்பைத்தான் தட்டுகின்றன. 15 விழுக்காடு ஒயினோடு சேர்ந்தால் காரம் இரட்டிப்பாகும், ஒயினின் பழ ருசி எரிந்துபோகும். துவர்ப்பும் காரத்தோடு சேர்ந்தால் கரகரக்கும். 13 விழுக்காட்டுக்குள் உள்ள, மரப்பீப்பாய் காணாத, இளசான கோத் து ரோனைக் கொஞ்சம் குளிர வைத்து எடுங்கள். அதைவிட நல்லது, ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள தவேல் ஊரின் ரோஸ் என்ற இளஞ்சிவப்பு ஒயின். அந்தப் பெயரில் ரோஸ் தவிர வேறு ஒயின் செய்யச் சட்டத்தில் இடமில்லை. ஆழ்ந்த நிறம், வாய் நிறைய ருசி, துவர்ப்பு மிகக் கொஞ்சம்.

மிளகு தூக்கலான வறுவல் என்றால் கதை வேறு. அதற்குச் சிரா அதிகமுள்ள கலவை அழகாக ஒட்டிக்கொள்ளும்.

சிராவில் மிளகு வாசம் என்கிறீர்களே, அது கற்பனையா, நிஜமா? (வாசகி, காரைக்கால்)

நிஜமான மிளகு. 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிரா திராட்சையிலிருந்து ரோட்டண்டோன் என்ற பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகுக்கு வாசம் கொடுப்பதும் அதே பொருள். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு சேர்த்தும் தெரியவில்லை. எங்கள் சமையற்கூடத்திலும் அப்படி ஒரு பையன் இருந்தான். நாங்கள் மிளகு, மிளகு என்று பேசும்போது கிளாஸையே திருப்பித் திருப்பிப் பார்ப்பான். குறை அவனுடைய நாக்கில் இல்லை, பிறவி அப்படி. உங்கள் வீட்டிலும் ஒருவர் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்றால் நம்புங்கள்.

மிளகும் இந்த ஆற்றங்கரையும் பழைய அறிமுகம் உள்ளவை. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, ரோன் கரை வியன் ஊர் ஒயினில் கீல் வாசம் அடிப்பதை எழுதியிருக்கிறார். அதே நூலில், மிளகில் என்ன இருக்கிறது என்று ஜனங்கள் இப்படி விரும்புகிறார்கள் என்று வியந்தும் இருக்கிறார். மேற்கே போன கப்பலில் மிளகு, கிழக்கே வந்த கப்பலில் ஒயின். யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பருகுவதைப் புறநானூறு பேசுகிறது. என் ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. சிறு வயதில் அந்தத் திட்டில் விளையாடியவன் நான். காலில் குத்தியவை எந்த ஊர் மண் என்று அப்போது தெரியாது.

மீனோடு சேருமா? (வாசகர், தூத்துக்குடி)

பெரும்பாலும் சேராது. சிவப்பு ஒயினில் கரைந்துள்ள இரும்பு, மீனெண்ணெயோடு சேர்ந்ததும் வாயில் கவுச்சியைக் கிளப்பிவிடும். மீனுக்கு ரோன் கரையின் வெள்ளை ஒயின் இருக்கிறது.

நாங்கள் சைவம். எங்களுக்கு இந்த ஒயினில் இடமில்லையா? (வாசகி, தொரொந்தோ)

தாராளமாக இருக்கிறது, அந்த நாட்டுச் சமையலில் பாதி காய்கறிதான். கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய்க்குத் தம்பியான கூர்ஜெத் நாலையும் தனித்தனியே ஆலிவ் எண்ணெயில் வதக்கிக் கடைசியில் சேர்ப்பது ரதாத்தூய். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வேகவைத்தால் அது வெறும் கூட்டு. தனித்தனியே வதக்கினால்தான் ஒவ்வொரு காயும் தன் ருசியோடு நிற்கும். கத்தரிக்காயின் எண்ணெய்ப் பசை கிரெனாஷுக்கு இறைச்சிபோலவே பிடிக்கும். நெருப்பில் சுட்ட கத்தரிக்காய், காளான், வெள்ளைப் பட்டாணி மாதிரியான பயறைத் தைம் போட்டு வேகவைத்தது, எல்லாம் பொருந்தும்.

கருப்பு ஆலிவைக் கேப்பர் மொட்டோடு அரைத்த தாப்பனாத் துவையலும் நல்ல துணை. அதில் நெத்திலியும் சேர்ப்பது வழக்கம், கடையில் வாங்கினால் லேபிளைப் படித்துவிடுங்கள். குளிர்காலத்தில் ரிஷ்ரான்ஷ் கிராமத்தில் சனிக்கிழமைதோறும் கருப்புத் திரஃபில் சந்தை கூடும். ஓக் மரத்தடியில் மண்ணுக்குள் விளையும் அந்தக் காளானை முட்டைப் பொரியலில் சீவிப்போட்டு, பத்து வயதான ஷாத்தோநெஃபைப் பக்கத்தில் வைத்தால், தட்டிலும் கிளாஸிலும் ஒரே ஈரமண் வாசம்.

ஐரோப்பியத் திராட்சையெல்லாம் அமெரிக்க வேரில்தான் நிற்கிறது என்று படித்தேன். சரியா? (மாணவர், திருநெல்வேலி)

ஏறக்குறைய சரி. அந்தச் சோகம் தொடங்கியதும் இந்தக் கரையில்தான். 1862-ல் ரோக்மோர் ஊர் வணிகர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளைத் தன் தோட்டத்தில் நட்டார். வேரோடு ஒரு பேனும் வந்துவிட்டது. அடுத்த வருடமே பக்கத்துத் தோட்டங்களில் கொடிகள் காரணமின்றி வாடின. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பேன் அதற்குள் பசியோடு அடுத்த வேருக்குப் போயிருக்கும். 1868-ல் தாவரவியலாளர் பிளான்ஷோனும் கூட்டாளிகளும் உயிரோடிருந்த கொடியின் வேரைத் தோண்டி உருப்பெருக்கியால் பார்த்தார்கள். மஞ்சள் புள்ளிகளாக அப்பிக்கிடந்தது. அமெரிக்க வேருக்கு அந்தப் பேனைத் தாங்கும் பழக்கம் உண்டு என்பதால், மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதுபோல் அந்த வேரில் இந்தக் கொடியை ஒட்டித்தான் பிரான்ஸ் மீண்டது. மணலில் அந்தப் பேன் பிழைக்காததால் மணல் நிலக் கொடிகள் சில தப்பின.

தினம் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதுதானே? (வாசகர், ஈரோடு)

இல்லை. ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் அது 1988-லிருந்தே இருக்கிறது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டாம். குடிப்பவர் ருசிக்காக, உணவோடு, கொஞ்சமாக என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்து என்று சொல்லி ஊற்றாதீர்கள்.

சமையலில் ஊற்றினால் ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும்தானே? விருந்தினர் சிலர் குடிக்காதவர்கள். (வாசகி, மார்செய்)

முழுக்கப் போகாது. கால் மணி நேரம் கொதித்தால் சுமார் 40 விழுக்காடு தங்கும், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்துக்குப் பின்னும் 5. மதத்தாலோ, மருந்தாலோ, விட்ட பழக்கம் திரும்பிவிடும் என்ற பயத்தாலோ தவிர்ப்பவர்களுக்கு அந்த 5-ம் பெரிது. பரிமாறும் முன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு எலும்புச் சாற்றில் வேகவைத்த தனிப் பானை வையுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி மாதுளைச் சாறு விட்டால் புளிப்பும் நிறமும் வந்துவிடும்.

கடையில் பத்து விதம் இருக்கிறது. எதை எடுப்பது? (வாசகர், துபாய்)

படியாக யோசியுங்கள். அடிப்படையில் கோத் து ரோன். அதற்கு மேல் 'வில்லாஜ்' என்ற சொல் சேர்ந்தது. அதற்கும் மேல் கிராமத்தின் பெயரே பாட்டிலில் தனியாக நிற்பது: 1971-ல் அந்தத் தகுதி பெற்ற ஜிகோந்தாஸ், 1990-ல் வாக்கேராஸ், 2016-ல் கேரான். ஷாத்தோநெஃபுக்குப் பெயருக்காகவும் பணம் கொடுக்கிறோம். கொடுக்கும் காசுக்கு நிறைவு வேண்டுமென்றால் வாக்கேராஸும் கேரானும்தான் என் கை போகும் இடம்.

ஞாயிறு மதியம் மாமனார் வருகிறார். ஆட்டுத் தோள் இறைச்சி அடுப்பில் வாட்டப்போகிறேன். முதல் முறையாக வாக்கேராஸ் வாங்கியிருக்கிறேன். எப்படிப் பரிமாறுவது? (வாசகர், புதுச்சேரி)

'அறை வெப்பத்தில்' என்று பாட்டிலில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்; அது குளிர்நாட்டுக் கல்வீட்டு அறை. இந்த ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும், நம் கூடத்தில் 32 இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறிப் பழ வாசத்தை அமுக்கிவிடும். பத்தரை மணிக்கு ஃப்ரிட்ஜில் வையுங்கள், பன்னிரண்டே முக்காலுக்கு எடுத்துத் திறந்து, வாயகன்ற கண்ணாடிக் குடத்தில் ஊற்றிவிடுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இறைச்சியை அடுப்பிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மூடிவைத்த பிறகு வெட்டுங்கள், சாறு உள்ளேயே நிற்கும். வெட்டும்போது தட்டில் தேங்கும் சாற்றை வீணாக்காமல் துண்டுகள்மேல் ஊற்றுங்கள். மிச்சமிருந்தால் பாட்டிலைத் தக்கையால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிரெனாஷ் காற்றைத் தாங்காது, செவ்வாய்க்குள் முடித்துவிடுங்கள். மாமனாருக்குப் பழக்கமில்லை என்றால் அவர் முன்னால் மோர் ஒரு டம்ளர் வையுங்கள். ஆட்டுத் தோளுக்கு அதுவும் பொருத்தம்தான்.